எங்கள் வீட்டு ஒரே ஓட்டு

"வயசு?" என்று கேட்டார் வாத்தியார்.

"இருபத்தொண்ணு" என்றேன்.

உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி நோரா சிரித்தாள். சின்னச் சிரிப்புதான். ஆனால் வாத்தியார் எழுதுவதை நிறுத்திவிட்டு என் மேலுதட்டைப் பார்த்தார். அங்கே மீசை இருக்க வேண்டும். நானும் இரண்டு வருஷமாக அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் பெயர் மாணிக்கவாசகம். கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். சுதந்திரம் வந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. இனி எல்லோருக்கும் ஓட்டு என்று டில்லியில் சொல்லிவிட்டார்கள். வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதும் வேலையை வாத்தியார்கள் தலையில் கட்டிவிட்டார்கள். சாந்தோமில் எங்கள் தெரு இவர் பங்குக்கு வந்தது.

எல்லோருக்கும் என்றால் எல்லோருக்கும் இல்லை. வருகிற ஜனவரி முதல் தேதிக்கு இருபத்தொரு வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். எனக்குப் பத்தொன்பது.

"நிஜத்தைச் சொல்லு தம்பி."

"பத்தொன்பது. ஆனா..."

"ஆனாவை எழுத இதிலே கட்டம் இல்லை" என்றார். பிறகு என் தலைக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார். "வீட்டில பெரியவங்க யாரும் இல்லையா?"

நான் கல்யாணம் ஆனவன். அப்பாவுக்கு அரக்கோணத்தில் ரயில்வே உத்தியோகம். அம்மாவும் அங்கேதான். இந்த வீட்டின் பின்கட்டில் நானும் நோராவும்தான் குடித்தனம். லஸ் முனையில் ரேடியோ ரிப்பேர் கடையில் எனக்கு வேலை. ரேஷன் கார்டில் நான் முழு ஆள். பெரியவங்க யாரும் இல்லையா என்கிறார்!

"நான் இருக்கேனுங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டே நோரா வந்தாள். "எழுதிக்கோங்க. நோரா. வயசு இருபத்தொண்ணு."

வாத்தியார் முகம் மலர்ந்துவிட்டது. "இந்தத் தெருவிலேயே நீதாம்மா பேரை வாய் திறந்து சொன்னே. மற்ற வீட்டில எல்லாம் 'அவர் சம்சாரம்', 'இவன் தாயார்'னு எழுதிக்கச் சொல்றாங்க." எழுதினார். ஆதாரம் கேட்கவில்லை.

"சார், எனக்கு மட்டும் மீசையைப் பார்த்தீங்க. அவளுக்கு ஒண்ணும் பார்க்கலையே?"

"ஒரு பொம்பளை தானா வந்து வயசைக் கூட்டிச் சொல்றா. அதுக்கு மேல என்ன தம்பி ஆதாரம் வேணும்? நீ இருபத்தொண்ணுன்னு சாதிக்கிறதா இருந்தா ஒரு காகிதம் காட்டு. அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி வருவேன்."

போய்விட்டார். நான் நோராவைப் பார்த்தேன். நோரா வெங்காயத்தைப் பார்த்தாள்.

"நோரா, உனக்கு என்ன வயசு?"

"இப்பத்தானே சொன்னேன். காது கேட்கலையா?"

"போன வருஷம் கல்யாணத்தப்போ உங்க அத்தை பதினெட்டுன்னாங்க."

"அத்தை சொன்னாங்க. நான் சொன்னேனா?"

"நீ ஏன் சொல்லலே?"

"நீங்க கேட்டாத்தானே? எறா தொக்கு பண்ணத் தெரியுமான்னு மட்டும்தான் கேட்டீங்க."

வாஸ்தவம். அதை மட்டும்தான் கேட்டேன். தொக்கும் நன்றாகவே பண்ணுகிறாள். ஆனால் ஒரு வருஷத்தில் மூன்று வயது ஏறுவதை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒன்று, இவள் கல்யாணத்தில் என்னை ஏமாற்றியிருக்க வேண்டும். அல்லது இப்போது சர்க்காரை ஏமாற்றிக்கொண்டிருக்க வேண்டும். சர்க்காரை ஏமாற்றினால் ஜெயில் உண்டு. என்னை ஏமாற்றினால் ஒன்றுமே கிடையாது. நோரா புத்திசாலி. எதைச் செய்திருப்பாள்?

கான்வென்டில் தையல் டீச்சராக இருந்தவள். படித்தது, டிரெயினிங், வேலை பார்த்தது எல்லாவற்றையும் விரலில் எண்ணினேன். ஒரு கையில் எண்ணினால் பத்தொன்பது வந்தது. இன்னொரு கையில் எண்ணினால் இருபத்தொன்று வந்தது.

அன்று மத்தியானமே டில்லிக்கு ஒரு போஸ்ட்கார்டு எழுதினேன். அரசியல் நிர்ணய சபையின் சமூகத்துக்கு. "பதினெட்டு வயதில் பட்டாளத்துக்கு எடுத்தீர்கள். பர்மாவுக்கு அனுப்பினீர்கள். அப்போது யாரும் மீசையைப் பார்க்கவில்லை. பதினாறு வயதிலேயே கல்யாணம் கட்டிவைக்க எங்கள் மாதா கோயில் தயார். குடும்பத்தை ஆளலாம், நாட்டை ஆளுகிறவனைத் தேர்ந்தெடுக்கக் கூடாதா? இருபத்தொன்றில் அப்படி என்ன புது மூளை முளைக்கிறது? ஓட்டு வயதைப் பதினெட்டாகக் குறைக்கவும். நான் பத்தொன்பது வயதில் ஒரு குடும்பத்தைத் தனியாக நிர்வகித்து வருகிறேன்."

நோரா வாங்கிப் படித்தாள். "எல்லாம் சரிதான். கடைசி வரியை மட்டும் எடுத்துடுங்க."

"ஏன்?"

"விசாரிக்க ஆள் அனுப்பினாங்கன்னா?"

நான் எடுக்கவில்லை. தபாலில் போட்டேன். ஆனால் டில்லி யோசித்து முடிப்பதற்குள் எனக்கே இருபத்தொன்று ஆகிவிடும். அவசரத்துக்கு ஆகாது. அவசரம் என்னவென்றால், முன்கட்டில் குடியிருக்கும் சுலோச்சனாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"இன்னா நைனா, உனுக்கு ஓட்டு இல்லியாமே? நோராவுக்குக் கீதாமே?"

"ஆமாம்."

"அப்போ பொஞ்சாதி பெர்சு, புருஷன் சிறுசா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொத்தியது எதற்கு என்று தெரியவில்லை. கச்சேரி ரோடு வரை கேட்டிருக்கும்.

சாயங்காலம் குழாயடியில் இரண்டு பேர் என்னைப் பார்த்துவிட்டுக் குசுகுசுத்தார்கள். மறுநாள் கடையில் முதலாளி, "உங்க வீட்டில கேட்டுட்டு வந்து சொல்லு" என்றார். ரேடியோ வால்வு விஷயத்துக்கு வீட்டில் என்ன கேட்பது? சந்தேகமே இல்லை. அவருக்கும் தெரிந்துவிட்டது. இனி இரண்டில் ஒன்று நடக்க வேண்டும். நோராவின் வயது இறங்க வேண்டும், அல்லது என் வயது ஏற வேண்டும்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்கிறவர் உபதேசியார் மரியதாஸ்.

"ஐயா, நோரா பிறந்த வருஷம்..."

"அவ ஞானஸ்நானம் கோவளத்துல. பதிவும் அங்கேதான். இங்கே வந்து எதுக்குக் கேக்கறே? நீ புருஷனா, சி.ஐ.டியா?"

"சும்மாத்தான்."

"சும்மா எவனும் பதிவேட்டைக் கேக்க மாட்டான். சொத்துக்குக் கேப்பான், சண்டைக்குக் கேப்பான்."

"சரி, என்னுதைக் காட்டுங்க."

புரட்டினார். அப்போதுதான் அதைப் பார்த்தேன். வால்டர் என்று என் பெயர். அதே அப்பா, அதே அம்மா. ஆனால் 1927ஆம் வருஷம். இன்னும் சில தாள் தள்ளி, மறுபடி வால்டர். 1929. அதுதான் நான்.

எங்கள் குடும்பத்தில் மூத்த ஆண் பிள்ளைக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம். எனக்கு முன்னால் ஒரு வால்டர் பிறந்து நாற்பது நாளில் போய்விட்டான். தாத்தா பெயர் அவ்வளவாகப் புழங்காமல் புதிதாகவே இருந்ததால் அதை எடுத்து எனக்கு வைத்துவிட்டார்கள். அந்த வால்டர் இருந்திருந்தால் இன்று அவனுக்கு இருபத்தொன்று.

"ஐயா, இந்த இருபத்தேழாம் வருஷத்துக்கு ஒரு பிரதி எழுதிக் கொடுங்க."

"அது உன் அண்ணனுதுடா."

"அண்ணன் ஞாபகமா வீட்டில ஒண்ணு இருக்கட்டும்."

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கூடப் பிறந்த பாசம்" என்று சொல்லிக்கொண்டே எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். இப்போது இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு இல்லை.

வீட்டுக்கு வந்து காகிதத்தை நோராவின் முன்னால் நீட்டினேன். "பார்த்துக்கோ. வால்டர். இருபத்தொண்ணு. முத்திரை இருக்கு."

சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. ஒரு தடவை படித்தாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

"ஓரத்தில ஒண்ணும் எழுதலையே" என்றாள்.

எங்கள் கோயிலில் ஒருவனுக்குக் கல்யாணம் ஆனால், அவன் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில், இன்ன தேதியில் இன்னாரைக் கட்டினான் என்று எழுதிவிடுவார்கள். என்னுடைய 1929இன் ஓரத்தில் நோராவின் பெயர் இருக்கிறது. 1927இன் ஓரம் வெள்ளையாக இருந்தது.

"அதனால என்ன?" என்றேன்.

"ஒண்ணும் இல்லே. இந்த வால்டருக்குக் கல்யாணம் ஆகலை. அவ்வளவுதான்."

"நீ சம்மதிக்கிறியா?"

"நான் யாரு சம்மதிக்க? முத்திரை இருக்கே."

நோரா இவ்வளவு சுலபமாகச் சம்மதித்தால் சந்தேகப்பட வேண்டும். நான் சந்தேகப்பட்டேன். ஆனால் எதைச் சந்தேகப்படுவது என்று தெரியவில்லை. அதற்குள் அவள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். அங்கிருந்து குரல் வந்தது.

"சுலோச்சனாக்கா! எங்க மூத்தார் வந்திருக்காரு. காபி குடிப்பாரான்னு கொஞ்சம் கேளுங்க."

மூத்தார் என்றால் புருஷனுடைய அண்ணன். பெண்பிள்ளைகள் மூத்தார் எதிரில் நிற்க மாட்டார்கள். நேருக்கு நேர் பேச மாட்டார்கள். எங்கள் வீட்டில் இந்த வழக்கத்துக்கு இதுவரை வேலை இல்லாமல் இருந்தது. காரணம், மூத்தார் இல்லை.

சுலோச்சனா ஓடி வந்தாள். இப்படி ஒரு வேலைக்காகவே பிறந்தவள் அவள். "நைனா, காபி குடிப்பியான்னு கேக்குது."

"அவ கேட்டது என் காதிலேயே விழுந்தது! நான் அவ புருஷன்!"

"புருஷன் பத்தொம்பது வயசுப் புள்ளையாம். நீ இருபத்தொண்ணாமே. காயிதம் கீதாமே."

"நோரா, வெளியே வா!"

கதவுக்குப் பின்னாலிருந்து மெதுவாக, மரியாதையாக: "அக்கா, மூத்தார் குரலை உயர்த்த வேண்டாம்னு சொல்லுங்க. எங்க வீட்டுக்காரர் வந்ததும் எல்லாம் பேசிக்கலாம்."

"உன் வீட்டுக்காரர் எங்கே போயிருக்கார்?"

"அது மூத்தாருக்குத்தான் தெரியணும்."

நான்கு நாள். சோறு சுலோச்சனா கையால் வந்தது. குறை சொல்ல முடியாது. மூத்தாருக்கு மரியாதை என்று அப்பளம்கூட வந்தது. ஆனால் படுக்கை கூடத்தில். மூத்தார் துணியைத் தொடுவது முறை இல்லை என்று என் சட்டை தோய்க்கப்படாமல் கொடியிலேயே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அவள் சுலோச்சனாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு முன்னால் போனாள். சுலோச்சனாவுக்கும் கோயிலுக்கும் சம்பந்தமே கிடையாது. நான் இருபது அடி பின்னால் அழுக்குச் சட்டையோடு நடந்தேன்.

திங்கட்கிழமை என்னால் தாங்க முடியவில்லை. கதவைப் பார்த்துக் கெஞ்சினேன். "நோரா, ஒரு வார்த்தை பேசேன்."

"அக்கா, மூத்தார் யார்கிட்டே பேசறார்னு கேளுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டேன். நான்கு நாள் கஷ்டம். ஓட்டு ஆயுசுக்கும். தேசத்துக்காக ஜெயிலில் இருந்தவர்களை நினைத்துக்கொண்டேன். அவர்களுக்குச் சட்டையாவது தோய்த்துக் கொடுத்திருப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை எங்கள் கடைக்கு விடுமுறை. மாணிக்கவாசகம் வாத்தியார் வந்தார். காகிதத்தைக் கொடுத்தேன். மூக்குக்கு அருகில் வைத்துப் படித்தார்.

"அட, நிஜமாவே இருபத்தொண்ணு! மன்னிச்சுக்கோ தம்பி. மூஞ்சியைப் பார்த்து ஏமாந்துட்டேன்." பேனாவை மையில் தோய்த்தார். வால்டர் என்பதில் 'வா' எழுதிவிட்டார்.

"ஐயா" என்றது கதவு. "ஒரு சந்தேகம் கேட்கலாமா?"

"கேளும்மா."

"ஓட்டு வேணும்னா இந்த ஊர்ல எத்தனை நாள் குடியிருந்திருக்கணும்?"

"நூற்றெண்பது நாள். அது சட்டம்."

"எங்க மூத்தார் போன வெள்ளிக்கிழமைதான் வந்தாரு."

"நானும் சாட்சி" என்றாள் சுலோச்சனா. "சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்தாரு. காபி நான்தான் குடுத்தேன்."

வாத்தியார் பேனாவை எடுத்துவிட்டார். "வெள்ளிக்கிழமைதான் வந்தியா? அதுக்கு முன்னால எங்கே இருந்தே?"

நான் சுலோச்சனாவைப் பார்த்தேன். அவள் ஆவலோடு என்னைப் பார்த்தாள்.

"சொல்லு தம்பி. இருபத்தொரு வருஷமா எந்த ஊர்?"

எந்த ஊர் என்று சொல்வேன்? எனக்குப் பொய் சொல்ல வரும், ஆனால் தொடர்ந்து சொல்ல வராது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அண்ணன், நாற்பது நாள், தாத்தா பெயர், உபதேசியார்.

வாத்தியார் 'வா'வை அடித்தார். இரண்டு கோடு போட்டு அடித்தார். "செத்தவன் பேர்ல ஓட்டு வாங்கினா என்ன ஆகும் தெரியுமா? கையெழுத்துப் போட்டிருந்தேன்னா கம்பி எண்ணியிருப்பே. அந்தம்மா நாள் கணக்கைக் கேட்டு உன்னைக் காப்பாத்தியிருக்கு."

நான் காப்பாற்றப்பட்டேன். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"என் வயசை இத்தனை குடையறீங்களே, அவ வயசுக்கு என்ன காகிதம் இருக்கு? கல்யாணத்தில பதினெட்டு, ஓட்டுக்கு இருபத்தொண்ணு! கேளுங்க சார், கேளுங்க!"

வாத்தியார் இப்போது கதவையும் சந்தேகமாகப் பார்த்தார். ஒரே வீட்டில் இரண்டு மோசடி இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

நோரா முந்தானையைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு வெளியே வந்தாள். "கோவளத்துக் கோயில்ல பதிவு இருக்குங்க. இவரே நேர்ல போய்ப் பார்த்துட்டு வரட்டும். புருஷன் சொன்னா நம்புவீங்கதானே?"

"தாராளமா. குடும்பத் தலைவர் நேர்ல பார்த்துக் கையெழுத்துப் போட்டா போதும். நாளைக்குச் சாயங்காலம் பேர் எழுதின ஜாபிதாவை ஒப்படைக்கணும். அதுக்குள்ளே வந்து கேட்கிறேன்."

புருஷன் என்று சொல்லிவிட்டாள். குடும்பத் தலைவர் என்று அவரும் சொல்லிவிட்டார். எனக்கு அரை நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. பிறகு சந்தேகம் வந்தது.

புதன்கிழமை லீவு போட்டேன். நோரா விடியற்காலையில் எழுந்து புளிச்சோறும் வறுத்த வஞ்சிரமும் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். என் சட்டையைத் தோய்த்துப் பெட்டி போட்டு வைத்திருந்தாள்.

"கால்வாய்ப் படகு ஏறிப் போங்க. பதிவேட்டை நீங்களே கண்ணால பாருங்க. யாரையும் படிச்சுச் சொல்லச் சொல்லாதீங்க. எது இருக்கோ அதை அப்படியே வந்து சொல்லுங்க."

"எது இருந்தாலுமா?"

"எது இருந்தாலும்."

மயிலாப்பூரில் கால்வாய்ப் படித்துறைக்குப் போனேன். விறகு இறக்கிவிட்டு ஒரு படகு கிளம்பிக்கொண்டிருந்தது. "கோவளம் போறவங்க ஏறு!" என்று படகுக்காரன் கூப்பிட்டான். நான் ஒரு காலைத் தூக்கினேன். தூக்கிய கால் அப்படியே நின்றது.

பதிவேட்டில் இருபத்தொன்று என்று இருந்தால்? என் பெண்டாட்டி என்னைவிட இரண்டு வயது மூத்தவள். கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு பார்க்காததாக இருக்க முடியாது. பத்தொன்பது என்று இருந்தால்? வாத்தியாரிடம் போய், என் மனைவி பொய் சொன்னாள், அடியுங்கள் பெயரை என்று சொல்ல வேண்டும். அப்புறம் சுலோச்சனா, மூத்தார் இன்னும் போகவில்லை என்பாள். நேற்றுத்தான் சட்டை தோய்த்திருக்கிறாள்.

"ஏறப் போறியா இல்லியா, நைனா?"

"அடுத்த படகில வரேன்."

பதினோரு மணிக்குப் புளிச்சோற்றைத் தின்றேன். வஞ்சிரம் பிரமாதம். மரத்தடியில் தூங்கினேன். நாலரை மணிக்கு, தூரப் பிரயாணம் செய்தவன் மாதிரி காலில் கொஞ்சம் சேறு பூசிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

வாத்தியார் காத்துக்கொண்டிருந்தார். "பார்த்தியா?"

"பார்த்தேன்."

"எவ்வளவு?"

நோரா தூணில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருபத்தொண்ணு" என்றேன்.

"கையெழுத்துப் போடு. 'நேரில் பார்த்தேன்'னு எழுதிப் போடு."

போட்டேன். ஜாபிதாவில் என் எழுத்து ஏறியது இந்த ஒரு இடத்தில்தான். வாத்தியார் மை காய ஊதிவிட்டுப் போனார்.

நோரா காபி கொண்டுவந்தாள். அவளே கொண்டுவந்தாள். எதிரில் உட்கார்ந்தாள்.

"கோவளத்துப் பங்குச் சாமியார் நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்கார்."

"அவர்தானே பதிவேட்டை எடுத்துக் கொடுத்திருப்பார்?"

"ஆமாம். அவரே எடுத்துக் கொடுத்தார். உன்னைக்கூட விசாரிச்சார்."

"அப்படியா? என்கிட்டே உங்களை விசாரிச்சார்."

டம்ளரைக் கீழே வைத்தேன். "எப்போ?"

"காலையில பத்து மணிக்கு. பிஷப் வீட்டில ஏதோ கூட்டமாம். வந்தவர் எட்டிப் பார்த்தார். நீங்க உட்கார்ந்திருக்கிற அதே நாற்காலியிலதான் உட்கார்ந்தார். 'என் வயசைப் பார்க்க அவர் உங்க ஊருக்குத்தான் போயிருக்கார்'னு சொன்னேன். 'பதிவேட்டுப் பெட்டிச் சாவி என் இடுப்பிலே இருக்கே'ன்னு சிரிச்சார்."

நான் எழுந்து காலைக் கழுவிக்கொண்டு வந்தேன். அவள் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"நோரா, சத்தியமாக் கேக்கறேன். உனக்கு என்ன வயசு?"

"என்னைக் கேட்டா? நீங்கதான் நேர்ல பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

எங்கள் வீட்டில் ஒரே ஓட்டு. அது நோராவுடையது. அதற்கு உலகத்திலேயே ஒரே சாட்சி நான். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றுதான் அவள் சொன்னாள். நான் போகவில்லை.